சமையல் குறிப்பு பெண்களுக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021இல் மலையாளத்தில் வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2023இல் தமிழிலும் எடுக்கப்பட்டது. கேரளத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் மலையாளப் படம் பார்ப்பது வழக்கம் என்பதால் அப்போதே அதைப் பற்றி நிறையப் பேசினோம். அந்தப் படத்தில், அடுக்களைத் தொட்டிக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று மனைவி திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கணவன் மறந்துகொண்டே இருக்கிறான். அந்த அழுக்குத் தண்ணீரை அவள் வாளியில் பிடிப்பதைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் குமரி மாவட்டத்துக்குத்தான். பெருமைதான். ஆனால் அரசு வேலைக்குப் போகிறவளும் சரி, நாள் முழுக்க முந்திரி ஆலையில் தோல் உரித்துவிட்டு வருகிறவளும் சரி, வீடு திரும்பியதும் மரச்சீனிக் கிழங்கு அவிக்கவும் மீன் கழுவவும் தனியாகத்தான் நிற்கிறாள். சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போவதை இன்னும் எத்தனை காலம் ஆண்பிள்ளை வழக்கம் என்று விடுவது?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்புகளைப் பெண்கள் இணைப்பில் ஒதுக்காமல் விளையாட்டுப் பக்கத்தில் போடுங்கள். அப்புறம், பாத்திரம் தேய்ப்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு வாசகி,
மார்த்தாண்டம்