வெறுங்குலைக்கும் மரத்தூளுக்கும் ஒரு சீட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓர் ஆலையின் கழிவு இன்னோர் ஆலைக்குச் சரக்கு என்ற பேச்சு இப்போது குளுவாங் வரை வந்துவிட்டது. நல்ல பேச்சுதான். ஆனால் "சும்மாவே தருகிறோம், அள்ளிக்கொண்டு போங்கள்" என்று தொடங்கும் ஏற்பாடுகள் சீக்கிரமே படுத்துவிடுகின்றன. சரக்கில் எவ்வளவு ஈரம், அதில் வேறென்ன கலந்திருக்கிறது, எந்த மாதம் வராது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

செம்பனையையே எடுத்துக்கொள்வோம். நூறு டன் பழக்குலை ஆலைக்குள் போனால் எண்ணெய் 20 டன், கொட்டைக்குள் இருக்கும் பருப்பு 5 அல்லது 6 டன் வரும். நார் 13 டன், கொட்டை ஓடு 6 டன், பழம் உதிர்ந்த வெறுங்குலை 22 டன் அளவில் நிற்கும். ஆலையில் சேர்க்கும் தண்ணீரும் கலப்பதால், அதற்குமேல் 60 டன்னைத் தாண்டும் கழிவுநீர். நாரும் ஓடும் ஆலையின் பாய்லருக்கே போய்விடும். மிஞ்சும் ஓட்டுக்கு ஜப்பான் மின்நிலையங்கள் வரை கிராக்கி உண்டு, அதை யாரும் சும்மா தரப்போவதில்லை. அக்கம்பக்கத்துக்குக் கிடைக்கக்கூடியது வெறுங்குலையும் கழிவுநீரும்தான்.

வெறுங்குலையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். பத்து டன் ஏற்றினால் ஆறரை டன் தண்ணீருக்கு டீசல் போடுகிறோம். ஆகவே ஆலைக்குப் பக்கத்திலேயே உரமாக்கிவிட்டு, உரத்தை லோரியில் ஏற்றுவதுதான் கட்டுபடியாகும். குலையை ஒரு சாணுக்கும் குறைவான துண்டுகளாகக் கிழித்து, ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நீள வரப்பாகக் குவிக்க வேண்டும். கழிவுநீர் தெளித்து ஈரத்தை 60 விழுக்காட்டுச் சுற்றில் வைத்து, முதல் வாரங்களில் மூன்று நான்கு நாளுக்கொரு முறை இயந்திரத்தால் புரட்ட வேண்டும். உள்ளே 60 டிகிரி வரை சூடேறும். எட்டு முதல் பத்து வாரத்தில் கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வரும். கடைசி இரண்டு வாரம் தெளிப்பை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மூட்டையிலும் தண்ணீரைத்தான் விற்போம்.

கெடுவது எங்கே? ஆலையை விட்டு வெளிவரும்போது கழிவுநீர் 80 டிகிரிக்குமேல் கொதிக்கும், புளிக்கும், எண்ணெய் மிதக்கும். ஆறவிட்டு எண்ணெயை வழித்தெடுக்காமல் அப்படியே தெளித்தால் எண்ணெய் நாரைப் போர்த்திக்கொள்ளும். காற்று போகாது, குவியல் நாறும், கம்பத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வருவதும் நியாயம்தான். அடுத்தது கூரை. ஆண்டுக் கடைசி மழையில் திறந்தவெளிக் குவியலிலிருந்து பழுப்பு நீர் வடியும். அதோடு ஓடுவது பொட்டாசியம், அதாவது உரம் வாங்குபவர் எதற்காகக் காசு கொடுக்கிறாரோ அதுவே. புரட்டாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது வளர்ந்து முதலில் தாக்குவது பக்கத்து இளங்கன்றுகளின் குருத்தைத்தான். சிறுதோட்டக்காரர்கள் வெறுங்குலையைப் பச்சையாகவே மரத்தடியில் பரப்பினாலும் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். லோரி கொட்டிய மேட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இரப்பர் மரத்தூளுக்கும் இதே கதை. காளான் வளர்ப்போர் மரத்தூள் நூறு, தவிடு பத்து, சுண்ணாம்பு ஒன்று என்ற எடைக் கணக்கில் கலக்கிறார்கள். கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஆனால் எல்லா மரத்தூளும் ஒன்றல்ல. பச்சை மரம் அறுக்கும் ஆலையின் தூள் நல்லது. மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்கு வரும் பலகை பூஞ்சையும் வண்டும் அண்டாமலிருக்கப் போரான் மருந்து ஏற்றப்பட்டது. பூஞ்சையைத் தடுக்கப் போட்ட மருந்து காளானை மட்டும் விட்டுவைக்குமா? அதோடு பசை போட்டு ஒட்டிய பலகையின் தூளும் சேர்ந்துவிட்டால் அந்தத் தூள் எரிப்பதற்குத்தான் உதவும், அதுவும் அதற்கேற்ற பாய்லரில். கண்ணால் பார்த்து நல்ல தூளையும் மருந்தேறிய தூளையும் பிரித்தறிய முடியாது. தூள் எந்த இயந்திரத்தடியில் விழுந்தது என்று கொடுப்பவர்தான் எழுதித் தர வேண்டும்.

செம்பனைப் பருப்பில் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கு நல்ல தீவனம். செம்மறிக்கு அதையே நெடுநாள் அதிகமாகப் போட்டால் அதிலுள்ள செம்பு கல்லீரலில் தேங்கிக் கொன்றுவிடும். மாட்டுக்காரர் வாங்கிய மூட்டை செம்மறிப் பட்டிக்குக் கைமாறும்போது இந்த விவரமும் கூடவே போக வேண்டும்.

இத்தகைய கழிவுப் பரிமாற்றத்துக்கு முன்மாதிரியாகக் கருத்தரங்குகளில் டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரைக் காட்டுவார்கள். அங்கே 1961-இல் தொடங்கியது ஏரித் தண்ணீருக்கான ஒரு குழாய். 1972-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் மிச்ச எரிவாயு பக்கத்து ஜிப்சம் பலகை ஆலைக்குப் போனது. பக்கத்துப் பக்கத்து ஆலைகள் இருவர் இருவராகப் பேசி, ஒவ்வொன்றாக ஒப்பந்தம் போட்டுத்தான் வளர்ந்தது. பெரிய திட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு யாரும் தொடங்கவில்லை.

சரக்குக்கொரு சீட்டு ஒட்ட நகராண்மைக் கழகம் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தாலே போதும். சீட்டில் சரக்கின் பெயர், வாரத்துக்கு எத்தனை டன், ஈர விழுக்காடு, கலந்திருப்பது என்ன, வரத்து குறையும் மாதம் என ஐந்து கட்டம். குலை வரத்து ஆண்டு முழுக்க ஒரே சீராக இருக்காது. அது தெரியாமல் உர ஒப்பந்தம் போடுபவர் மெலிந்த மாதத்தில் மாட்டிக்கொள்வார். பழைய எஞ்சின் எண்ணெய்க்கும் இரசாயன மருந்து இருந்த காலி நீல டிரம்முக்கும் அந்தப் பலகையில் இடம் கிடையாது. அவை ஆபத்தான கழிவுகளுக்கான 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின் கீழ் வருபவை, உரிமம் பெற்றவரிடம் மட்டுமே போக வேண்டும். அந்த நீல டிரம்மைக் கழுவித் தண்ணீர் பிடித்துவைக்கும் வீடுகள் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஆலைப் பணியாளர் இருவர்,
குளுவாங், ஜொகூர்