ஆண்டறிக்கை: நைல் படகுப் பயணமும் நிலுவைச் சந்தாவும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். உகாண்டாவின் கம்பாலாவில் நம் தமிழ்ச் சங்கம் இந்த ஆண்டு செய்ததைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல நடந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு மதிய விருந்து, ஆகஸ்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி, தீபாவளிக்குப் பட்டிமன்றம். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு தொடர்கிறது.

இனி நைல் பயணம். இதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று பேசியதால் விரிவாகவே எழுதுகிறேன். முதல் கேள்வி, பக்கத்தில் ஜின்ஜா இருக்கும்போது 300 கிலோமீட்டர் தள்ளி மர்ச்சிசன் அருவிப் பூங்கா எதற்கு என்பது. ஜின்ஜா 80 கிலோமீட்டர்தான், உண்மை. விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படும் இடம், 1948-இல் காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியைக் கரைத்த இடம், அங்கே அவர் சிலையும் இருக்கிறது, ஊரிலிருந்து யார் வந்தாலும் நாம் கூட்டிக்கொண்டு போவதும் அங்கேதான். ஆனால் அங்கிருந்த ரிப்பன் அருவி, 1954-இல் திறந்த அணையால் தண்ணீருக்குள் போய்விட்டது. அதே ஆறு கியோகா ஏரியைக் கடந்து, கருமாவில் மேற்கே திரும்பி, மர்ச்சிசனில் சுமார் ஏழு மீட்டர் அகலப் பாறை இடுக்குக்குள் மொத்தமாக நுழைந்து 40 மீட்டருக்கு மேல் கீழே விழுகிறது. கடை, ஆபீஸ், வீடு என்று வருடக்கணக்கில் இங்கே இருந்துவிட்டு இதைப் பார்க்காமலே ஊர் திரும்பியவர்கள் நம்மில் நிறைய. நம் பிள்ளைகள் பலர் பிறந்ததே இந்த நாட்டில்தான். அவர்களுக்கு இந்த ஆற்றைக் காட்ட வேண்டும் என்றுதான் இதைக் கையில் எடுத்தேன்.

ஏற்பாட்டில் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம் சுற்றுலாப் பயணிக்கு ஒன்று, இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கு அதைவிடக் குறைவு. குறைந்த கட்டணம் வேண்டுமானால் வொர்க் பர்மிட் காட்ட வேண்டும். நகல் கேட்டு ஒரு மாதம் முன்பே சொல்லியும், புறப்படும் முந்தின நாள் ராத்திரி வரை துரத்தித்தான் வாங்கினேன். நுழைவுச்சீட்டு 24 மணி நேரத்துக்குத்தான் செல்லும், அதற்குள் படகையும் அருவி உச்சியையும் முடிக்க வேண்டும் என்பதால்தான் விடியற்காலை ஐந்து மணிக்கு வரச் சொன்னேன். ஐந்து மணிக்கே தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்ற குடும்பங்கள் ஆறரை வரை காத்திருந்தன. பெயர் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டு நாளில் "வேலை வந்துவிட்டது" என்றவர்களும் உண்டு. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கோஸ்டர் சிற்றுந்துக்கு வாடகை ஒன்றுதான். அந்தக் காலி இருக்கைகளின் பணம் இன்னும் வரவில்லை.

சரி, பயணம். பூங்காவுக்குள் இருக்கும் பாரா படகுத்துறையில் மதியம் இரண்டு மணிப் படகு. அருவியை நோக்கி ஆற்றை எதிர்த்துப் போகும்போது மெதுவாகத்தான் போகும், அதுவே நல்லதாகப் போயிற்று. நீர்யானைகள் கூட்டங்கூட்டமாகக் கிடந்தன. பகல் வெயில் அதன் தோலுக்கு ஆகாது, ராத்திரிதான் புல் மேயக் கரையேறும் என்று படகில் வந்த ரேஞ்சர் அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோதே, படகை ஒட்டி ஒன்று தலை தூக்கிக் காதைச் சடசடவென்று உதறியது, அந்தத் தண்ணீர் நம் தமிழ் வகுப்புப் பெண் ஒருத்தியின் கண்ணாடியில் தெறித்தது. அவள் அதைத் துடைக்கவே இல்லை. மணல் திட்டில் முதலைகள் சூடு தணிய வாயைத் திறந்தபடி கிடந்தன. அருவி கண்ணில் படுவதற்கு முன்பே உலையில் பொங்குவது போன்ற வெள்ளை நுரை கட்டி கட்டியாக மிதந்து வர ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் படகில் யாரும் கைபேசியில் பேசவில்லை.

மறுநாள் காலை அருவி உச்சியில் நின்றபோது காலடிப் பாறையே அதிர்ந்தது. பக்கத்தில் இன்னொரு அருவி, 1962 வெள்ளத்தில் ஆறே வெட்டிக்கொண்ட புது வழி. அது உகாண்டா சுதந்திரம் பெற்ற வருடம் என்பதால் உஹுரு அருவி என்று பெயர், சுவாஹிலியில் உஹுரு என்றால் சுதந்திரம். வழியெல்லாம் கடிக்கும் செட்சி ஈ. அதை ஈர்க்கும் கருப்பும் கருநீலமும் உடுத்த வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் ஓரளவு தப்பித்தார்கள்.

கணக்கு: பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் விழாக்களின் வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பயணத்துக்குச் சங்க நிதியிலிருந்து எடுத்தது வண்டி முன்பணம் மட்டும், வந்தவர்கள் பங்கு முழுவதும் வசூலாகிவிட்டது. சங்கப் பணத்தில் உல்லாசம் என்று பேசியவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கத்தைப் படிக்கவும். ஆண்டுச் சந்தா கட்டாதவர்கள் பாதிக்கு மேல். அவர்களில் பலர் விருந்துக்குத் தவறாமல் குடும்பத்தோடு வருகிறவர்கள், வரட்டும், எனக்குச் சந்தோஷமே. ஆனால் மண்டப வாடகையைக் கட்டுவது கட்டியவர்களின் பணம்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், சமையலில் கைகொடுத்த சகோதரிகள், வண்டி ஓட்டுநர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பாராவிலிருந்து எதிர்த் திசையில், ஆல்பர்ட் ஏரியில் ஆறு கலக்கும் கழிமுகத்துக்குப் படகில் போக எண்ணம். ஷூபில் என்ற பெரிய அலகுப் பறவையைப் பார்க்க வாய்ப்புள்ள இடம் அது. தனியாளாக இன்னொரு முறை இதைச் செய்ய என்னால் ஆகாது. பர்மிட் நகல் வாங்க ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், பணம் வசூலிக்க ஒருவர் முன்வந்தால் ஜனவரியில் தேதி குறிக்கலாம். இந்த முறை பணம் கட்டிய பிறகே பெயர் பட்டியலில் ஏறும். நிலுவைச் சந்தாவைப் பொருளாளரின் மொபைல் மணி (கைபேசிவழிப் பணம்) எண்ணுக்கு இந்த மாத இறுதிக்குள் அனுப்பிவிடுங்கள். அனுப்பும்போது குறிப்பில் பெயரைப் போட மறக்க வேண்டாம்.

செயலாளர்