லைற்றைப் போடுங்கள், பிறகு கோச்சை மாற்றுவது பற்றிப் பேசுவோம்

எங்கள் கழகத்தின் மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். கூடைப்பந்தாட்ட இறுதிப்போட்டியில் என்ன நடந்தது என்று நான் விவரிக்கத் தேவையில்லை. நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். மூன்றாவது கால்பகுதி முடியும்போது பதினொரு புள்ளி முன்னுக்கு நின்ற அணி, கடைசிப் பத்து நிமிடத்தில் தோற்றது. அன்றிரவே வட்ஸ்அப் குழுவில் "கோச்சை மாத்துங்கோ" என்று ஒருவர் தொடங்க, விடியும்வரை அதே பேச்சு. கொழும்பிலிருந்து ஒருவரைக் கூப்பிடப் போவதாகவும், வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் எடுக்கப் போவதாகவும் கேள்விப்படுகிறேன்.

இதைக் கோச்சுக்கு உங்களில் ஒருவரும் நேரில் சொல்லவில்லை. பயிற்சிக்கு வந்த பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் போனை நீட்டி, "சேர், இது உண்மையோ?" என்று கேட்டபோதுதான் அவர் அறிந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வாசித்து முடித்து, போனைத் திருப்பிக் கொடுத்து, "சரி, லைனுக்கு வாங்கோ" என்று விசிலை ஊதினார். எட்டு வருடம் உழைத்த மனிதருக்கு நாம் செய்த மரியாதை இதுதான் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் மகன் இந்த அணியில் இருக்கிறான். அதனால்தான் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தப் பருவம் முழுவதும் அவன் பெரும்பாலும் வாங்கிலேயே இருந்தான். அவனை இறக்காதவர் இதே கோச்தான்.

இறுதிப்போட்டியில் அவர் பிழை விடவில்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. நான்கு பவுல் எடுத்திருந்த உயரமான பெடியனை நான்காவது கால்பகுதி தொடங்கியதும் உள்ளே இறக்கினார். இரண்டு நிமிடத்தில் ஐந்தாவது பவுலோடு அவன் வெளியே வந்தான். அதற்குப் பிறகு றிபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் தெறித்து வருகிற பந்து, எடுக்க எங்களிடம் ஆள் இல்லை. எதிரணி மூன்று புள்ளி எறிதலை அடுத்தடுத்துப் போட்டபோதும் ஆளுக்கு ஆள் மறிக்காமல் இடத்தை மறிக்கிற ஸோன் தடுப்பை மாற்றவில்லை, டைம் அவுட்டும் பிந்தித்தான் எடுத்தார். நானும் எழும்பி நின்று கத்தினேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எங்கள் பிள்ளைகள் தவறவிட்ட ஃபிரீ த்ரோக்களை யார் கணக்கில் வைப்பது? ஒன்பதில் ஏழு தவறியது. நான்கு புள்ளியால் தோற்றோம்.

ஃபிரீ த்ரோ என்பது யாரும் மறிக்காமல், 4.6 மீற்றர் தூரத்தில் நின்று, ஆறுதலாக எறிகிற எறிதல். அது பழக்கத்தால் மட்டுமே வரும். எங்கள் பிள்ளைகள் அதை எப்படிப் பழகுகிறார்கள் என்று சபையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மைதானத்தின் நான்கு மூலையிலும் நான்கு கம்பங்கள் நிற்கின்றன. முந்தின வருட மாரி மழையோடு இரண்டு லைற் போனது. மூன்றாவது பத்து நிமிடம் எரியும், பிறகு அணையும். நான்காவது எரிகிறது, ஆனால் அது திரும்பி நிற்பது றோட்டுப் பக்கம். பெடியங்கள் ரியூசன் முடிந்து வந்து சேர ஆறு மணியாகிறது. ஆறரைக்கு இருட்டிவிடும். அப்போது கோச் தன்னுடைய மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, சென்ரர் லைனுக்குக் கிட்ட நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைற்றைக் கூடைப் பலகையின் பக்கம் திருப்புகிறார். அந்த வெளிச்சம் பிள்ளைகளின் நெஞ்சு மட்டத்துக்குத்தான் சரியாக விழுகிறது. றிங் இருப்பது 3.05 மீற்றர் உயரத்தில். கையை விட்டு மேலே போன பந்து இருட்டுக்குள் மறைந்துவிடும். பந்து றிங்கில் பட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று ஊகித்துப் பாய்கிறார்கள். போன கார்த்திகையில் அப்படிப் பாய்ந்த ஒருவனுக்குச் சின்னவிரல் முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதும் அதே மோட்டார் சைக்கிளில்தான். மழை விட்ட நாட்களில் சீமெந்துத் தரையில் தேங்கிய தண்ணீரைத் தும்புத்தடியால் தள்ளிவிட்டுத்தான் அவர் பயிற்சியையே தொடங்குகிறார். அந்த மோட்டார் சைக்கிள் ஓடி எரிக்கிற பெற்றோல் அவருடைய காசு. கழகம் அவருக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை, அவர் கேட்டதும் இல்லை.

இப்படிப் பழகிய பிள்ளைகள் இறுதிப்போட்டிக்குப் போய்ப் பளபளக்கிற தரையில், கண் கூசும் வெளிச்சத்தில் நின்றார்கள். முதல் ஃபிரீ த்ரோவுக்குப் போன பெடியன் மேலே பார்த்துக் கண்ணைச் சிமிட்டியதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

லைற்றைப் போடுங்கள். ஒரு வருடம் கொடுங்கள். அதற்குப் பிறகும் தோற்றால், கோச்சை மாற்றக் கைதூக்குகிற முதல் ஆள் நானாக இருப்பேன்.

விடியக்காலையில் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து பார்க்கிற எங்கள் இளம் ரசிகர்கள் கிளீவ்லாண்ட் அணியை உதாரணம் காட்டுகிறார்கள். உண்மைதான். 2016 ஜனவரியில், 30 வெற்றி 11 தோல்வி என்ற நல்ல நிலையில் இருந்தபோதே அந்த அணி தன் கோச் டேவிட் பிளாட்டை நீக்கியது. டைரோன் லூ பொறுப்பெடுத்தார், ஜூனில் கிண்ணம் வந்தது. ஆனால் லூ வெளியிலிருந்து வந்தவர் அல்லர். அதே அணியில் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்து ஒவ்வொரு வீரனையும் அறிந்தவர். அணியில் லெப்ரோன் ஜேம்ஸ் போன்ற பெரும் வீரரும் இருந்தார். அப்படி நீக்கப்படுகிறவர்களுக்கு ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள சம்பளமும் பொதுவாகக் கிடைக்கும். எங்களுடைய கோச்சுக்கு என்ன கிடைக்கும்?

அதே என்பிஏயில் சான் அன்ரோனியோ அணியையும் பாருங்கள். கிரெக் பொப்போவிச் 1996 டிசம்பரில் பொறுப்பெடுத்த பருவத்தில் அவருக்குக் கிடைத்தது 17 வெற்றி, 47 தோல்வி. 1999இல் முதல் 14 ஆட்டத்தில் 8 தோற்றபோது அவரை அனுப்பச் சொல்லி அங்கேயும் குரல் எழுந்தது. அதே வருடம் கிண்ணம் வென்றார்கள். 2014க்குள் ஐந்து கிண்ணம். இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1891இல் இந்த விளையாட்டையே கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித், கன்சாஸ் பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்தபோது வென்றது 55, தோற்றது 60. அவரிடம் விளையாடிய பொக் அலன்தான் பிறகு அதே பல்கலைக்கழகத்தின் பெரும் பயிற்றுவிப்பாளர் ஆனார்.

எங்கள் கோச்சிடம் விளையாடியவர்களில் இரண்டு பேர் இப்போது பாடசாலை அணிகளைப் பழக்குகிறார்கள். அதை யாரும் கிண்ணக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றபோது, வேலை முடிந்து சாவகச்சேரியிலிருந்து கைதடி, நாவற்குழி தாண்டிச் சைக்கிள் மிதித்து வந்து அவர் பயிற்சி கொடுத்தார். அந்த மாதங்களில் மைதானத்துக்கு வந்த நிர்வாகிகளை எண்ண ஒரு கை விரல் போதும்.

இதைச் சொல்லும்போது வேறொன்றும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பழைய ஆட்கள் அனுப்புகிற காசு எங்கே போகிறது? போன வருடம் இரண்டு தரம் ஜேர்சி மாற்றினோம். ஆண்டு விழாவில் எத்தனை பொன்னாடை, எத்தனை நினைவுச் சின்னம்! வாசலில் இருபது அடிப் பதாகை. அதற்குச் செலவழித்ததில் பாதி போதும், நான்கு லைற்றும் எரியும். எங்கள் தர்ஜினி சிவலிங்கம் இருந்த இலங்கை வலைப்பந்தாட்ட அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது யாழ்ப்பாணமே கொண்டாடியது. வென்ற பிறகு கொண்டாட எல்லோரும் வருகிறோம். பழகுகிற பிள்ளைக்கு வெளிச்சம் போட ஒருவரும் இல்லை. பெற்றோராகிய நாங்களும் சுத்தமானவர்கள் அல்லர். சாதாரணதரப் பரீட்சை வருகிறது என்று பிள்ளையை ஆறு மாதம் மறித்துவிட்டு, கிண்ணம் எங்கே என்று கோச்சைக் கேட்கிறோம்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். உங்களில் பலர் எனக்கு மூத்தவர்கள், இந்த மைதானத்துக்குக் கல் சுமந்தவர்கள். அந்த உரிமையோடுதான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிநிரலில் கோச்சைப் பற்றிய தீர்மானத்தைத் தள்ளிவையுங்கள். அந்த இடத்தில் லைற் விடயத்தை எடுங்கள். அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள், அந்த டைம் அவுட் ஏன் பிந்தியது என்று அவரிடமே கேளுங்கள், அவர் பதில் சொல்வார்.

அதற்கு முன், தயவுசெய்து புதன்கிழமை மாலை ஆறரைக்கு மைதானத்துக்கு ஒருதரம் வாருங்கள். அன்று ஃபிரீ த்ரோப் பயிற்சி. லைனில் நின்று நீங்களும் ஒரு பந்தை எறிந்து பாருங்கள்.

இப்படிக்கு,
கழகத்தின் பழைய 9ஆம் இலக்க வீரன், இன்றைய வீரன் ஒருவனின் தகப்பன்