இந்த வாரம் சுவாத் மாசி

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் நாம் கேட்கப்போவது அல்ஜீரியப் பாடகி சுவாத் மாசி. 1972-ல் அல்ஜியர்ஸில், கபைல் (வட அல்ஜீரியாவின் பெர்பர் இனம்) குடும்பத்தில் பிறந்தவர். அரபு, பிரெஞ்சு, கபைல், அப்புறம் கொஞ்சம் ஆங்கிலம் என்று பல மொழிகளில் பாடுகிறார். பெரும்பாலான பாட்டுகளை அவரே எழுதி மெட்டமைக்கிறார்.

தொண்ணூறுகளில் அங்கே உள்நாட்டுப் போர். அப்போது ஒரு ராக் குழுவில் அரசியல் பாட்டு பாடியதற்காகக் கொலை மிரட்டல்கள் வந்தன. 1999-ல் ஒரு விழாவில் பாட பாரிஸ் போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

முதலில் 'ராவி' (2001) தொகுப்பைக் கேளுங்கள். கிட்டார்தான் முன்னால் நிற்கும், குரல் உரக்கவே எழாது. அல்ஜியர்ஸின் மக்களிசையான ஷாபி, அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இரண்டும் அதில் கலந்திருக்கும். 'தெப்' (2003) தொகுப்பில் ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிஷ் இசையின் வாடை தூக்கல். 'உலக இசை' என்பது கடைக்காரர்கள் ஒட்டிய சீட்டு; அதை நம்பி ஒதுக்கிவிடாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2015-ல் வந்த 'எல் முதகல்லிமூன்' தொகுப்பு. இஸ்லாமுக்கு முந்தைய சுஹைர், 10-ம் நூற்றாண்டின் முதனப்பி, துனிசியாவின் அபுல் காசிம் ஷாபி என்று அரபுக் கவிகளின் வரிகளுக்கு மெட்டுப் போட்டிருக்கிறார். நம் ஊரில் சங்கப் பாட்டை கிட்டாரோடு பாடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவு 9 மணிக்குப் பேசலாம். எந்தப் பாட்டு, அதில் எந்த இடம் பிடித்தது என்று சொல்லி எழுதுங்கள், குரல்பதிவும் சரி. வெறும் கைதட்டல் படம் மட்டும் வேண்டாம்.