நான் எழுதிக் கொடுத்த 180 டிகிரி

அன்பு மகளே,

கருப்பட்டிக் கேக் வேகவே இல்லை, குப்பையில் கொட்டிவிட்டேன் என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கேக் போனால் போகட்டும். சித்தி மகன் அண்ணனையும் மதினியையும் பிள்ளைகளையும் இந்த ஞாயிறு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாயே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. நியூ ஜெர்சியில் நமக்கு இருக்கும் சொந்தமே அந்த ஒரு வீடுதான்.

ராத்திரி தூக்கம் வராமல், நீ அனுப்பியிருந்த ஓவன் அடுப்பின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 180 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எஃப். அது பாரன்ஹீட் மக்களே. நான் தாளில் எழுதிக் கொடுத்த 180 நம் வீட்டு ஓவனின் செல்சியஸ் கணக்கு. பள்ளியில் படித்தபடி 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன். உன் அடுப்பில் இருந்தது வெறும் 82 டிகிரி. தண்ணீர்கூடக் கொதிக்காத சூடு. அதில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவு எப்படி வேகும்? தப்பு உன் கையில் இல்லை, என் தாளில் இருந்தது. 180-ஐ அடித்துவிட்டு 350 என்று எழுதிக்கொள்.

இன்னொன்று. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டியதும் சூட்டோடு மாவில் ஊற்றாதே. முட்டை வெந்து திரிந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். வடிகட்டாமல் மட்டும் விட்டுவிடாதே, நல்ல கருப்பட்டியிலும் அடியில் மண் நிற்கும். இருநூறு கிராம் மைதா, நூற்றைம்பது கிராம் கருப்பட்டி, நூறு கிராம் வெண்ணெய், இரண்டு முட்டை, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, இரண்டு கரண்டி புளித்த தயிர். தயிரின் புளிப்புப் பட்டால்தான் சோடா பொங்கும். கேக்கில் போடும் நம் ஊர் மட்டி வாழைப்பழம் அங்கே கிடைக்காது. பச்சைக் குழந்தையாக இருந்தபோது உனக்கு நான் மசித்து ஊட்டியது அந்த மட்டிதான். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று உன் அப்பா ஒரு குலையையே வாங்கி வந்து திண்ணையில் தொங்கவிட்டார். அங்கே கிடைக்கும் வாழைப்பழத்தை, தோலில் கறுப்புப் புள்ளி விழும்வரை வைத்திருந்து எடு. மஞ்சளாக இருக்கும்போது எடுத்தால் இனிப்பும் இராது, மணமும் இராது.

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து நடுவில் குத்திப் பார். ஈரம் ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் விடு. இடையில் திறந்து திறந்து பார்க்காதே, நடு அமுங்கிவிடும். அமுங்கினாலும் கொட்டாதே.

ஒக்கிப் புயல் வந்த அந்த வாரம் உனக்கு நினைவிருக்கும். 2017 நவம்பர் 30. விடியும்போதே காற்று ஊளையிட்டது. மதியத்துக்குள் தெற்கு விளையில் ரப்பர் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. மேலத்தெரு மதினி வீட்டில் அடுக்களைமேலேயே பலா மரம் சாய்ந்து கிடந்தது. அன்று நம் வீட்டுக் கோழி இரண்டை அறுத்துப் பெரிய சருவத்தில் சூப் வைத்தேன். இரண்டு கோழிக்கு எத்தனை தண்ணீர் விட்டேன் என்று இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது. இருபத்திரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. நல்லமிளகு மட்டும் கை நிறையத் தட்டிப் போட்டேன். நீ தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டிப் போனாய். திரும்பி வரும்போது உன் பாவாடை முழுக்கச் சேறு, வாளி காலி.

மறுநாள் ஆச்சியின் பழைய வழக்கப்படி கேக்கும் வேகவைத்தேன். சருவத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மணல், அதன்மேல் கேக் பாத்திரம், மூடிமேல் சிரட்டைக் கனல். அடி கரிந்துவிட்டது. நீயும் நானும் திண்ணையில் உட்கார்ந்து கத்தியால் கரிந்ததைச் சுரண்டினோம். உன் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. மிஞ்சியதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒரு வீடு விடாமல் கொடுத்தோம். சூப்பில் உப்புக் குறைவு, கேக்கில் கரி வாடை. இன்றுவரை மதினி அந்தக் கேக்கைப் பற்றித்தான் பேசுகிறாள். அந்தப் பிள்ளையா நேற்று கேக்கைக் கொட்டிவிட்டு வர இருந்தவர்களை வேண்டாம் என்றது என்று நினைத்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்கிறாய். கேக்கோடு ஆட்டெலும்பு சூப்பும் வை. ஒரு கிலோ எலும்பைக் கழுவி, பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்று. மேலே வரும் நுரையை எடுத்துவிடு. சின்ன உள்ளி, பூண்டு, நல்லமிளகு, சீரகம், மல்லி எல்லாவற்றையும் தட்டிப் போடு, விழுதாக அரைக்காதே. சிறு தீயில் இரண்டு மணி நேரம் கிடக்கட்டும். உப்பைக் கடைசியில் போடு, தண்ணீர் வற்றவற்ற உப்பு ஏறும். சனிக்கிழமையே வைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கூழ்போல உறைந்திருக்கும். கெட்டுவிட்டது என்று நினைத்து அதையும் கொட்டிவிடாதே. எலும்பின் சத்து நன்றாக இறங்கியதற்கு அதுதான் அடையாளம். மேலே வெள்ளையாகப் படிந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிட்டுச் சூடாக்கினால் போதும்.

நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி அடுத்த வாரம் அங்கே வருகிறாள். கருப்பட்டியும், மாறாமலைக் கிராம்பும், ஒரு பிடி தென்னை ஈர்க்கிலும் கொடுத்துவிடுகிறேன். ஈர்க்கிலை நன்றாகச் சீவிக் காயவைத்திருக்கிறேன், கேக்கில் குத்திப் பார்க்க அது போதும்.

அண்ணனை இன்றே கூப்பிடு. அடுத்த ஞாயிறு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டு எனக்குச் சொல், எலும்பு எவ்வளவு வாங்க வேண்டும் என்று நான் கணக்குச் சொல்கிறேன்.

உன் அம்மை
திருவட்டாறு