பெயர் கேட்காமல் வரைந்தவருக்கு

அன்புள்ள சுதிர் பட்வர்தன் அவர்களுக்கு,

வணக்கம். நான் மும்பையை ஒட்டிய தானேயில் ஆறு வருடம் குடியிருந்தவன். அதே ஊரில் எக்ஸ்ரே பார்க்கும் டாக்டராக, ரேடியாலஜிஸ்டாக, இருந்துகொண்டே நீங்கள் மும்பையை வரைந்துகொண்டிருந்தீர்கள் என்பது, ஊரை விட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நகரத்தை வரைகிறவர்களில் பலர் மழையைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஈரத் தார்ச்சாலை, மஞ்சள் விளக்கு, குடையோடு நாலைந்து கறுப்புத் தீற்றல்கள். அழகுதான், மறுக்கவில்லை. என் வீட்டுக் காலண்டரிலேயே அப்படி ஒன்று தொங்குகிறது. ஆனால் அந்தத் தீற்றலுக்கு முழங்கால் வலிக்காது. உங்கள் ஆட்களுக்கு வலிக்கும். 'ஈரானி ரெஸ்டாரண்ட்' (1977), 'டிரெயின்' (1980) ஓவியங்கள் இரண்டிலும் இருப்பவர்கள் யாரென்று தெரியாது, ஆனால் உடம்பின் பாரம் தெரிகிறது.

1975 முதல் முப்பது வருடம் உங்களுக்கு எக்ஸ்ரேதான் பிழைப்பு. அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மூலையில் பெயரும் வயதும். அதைக் கட்டைவிரலால் மறைத்தால் யாருடைய விலா எலும்போ. கொஞ்சம் பயந்துதான் போனேன். நீங்கள் பகலெல்லாம் அப்படிப்பட்ட நெஞ்சுகளைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கியிருக்கிறீர்கள்.

சரி, எழுத வந்த விஷயம். லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஒருவர் ஒண்டிக்கொள்வாரே, அப்படி ஒருவர் எனக்கு உண்டு. ஒரு தொடை பெஞ்சில், மறு கால் நடைபாதையில். வண்டி பிரேக் போடும்போது அந்தக் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கித் தரையைப் பிடிக்கும். தானேயிலிருந்து தாதர் வரை அந்த விரல்களைப் பார்த்தபடி இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். அவர் பெயரை நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

உங்கள் மேல் ஒரு மனத்தாங்கலும் உண்டு. 'லோயர் பரேல்' (2001) பெரிய ஓவியம்தான். 1982 வேலைநிறுத்தத்தில் மும்பையின் இரண்டரை லட்சம் துணி ஆலைத் தொழிலாளர்கள் வெளியேறிய பிறகு அந்த ஆலைப் பகுதி என்ன ஆனது என்பதை அப்படி ஒரே பார்வையில் காட்ட வேறு யாரால் முடியும்? ஆனாலும் பரந்த நகரக் காட்சிகளுக்குப் போனபோது நீங்கள் பின்னால் தள்ளி நின்றுகொண்டீர்கள். ஊர் முழுக்கத் தெரிகிறது, கால் விரல் தெரியவில்லை. எழுபதுகளில் ஒரே ஆள் கேன்வாஸை அடைத்துக்கொண்டு நின்ற அந்த ஓவியங்கள்தான் எனக்கு இன்னும் பிடிக்கும்.

அப்புறம், அந்த நாலாவது சீட் மனிதரை ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே காய்கறிச் சந்தையில் பார்த்தேன். தோளில் பை இல்லாததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஒரு கையில் வெந்தயக்கீரைக் கட்டு, மறு கையில் ஒரு சின்னப் பெண்ணின் விரல். இருவருமே சிரிக்கப் போய், சிரிக்காமல் நகர்ந்துவிட்டோம். மறுநாள் ரயிலில் வழக்கம்போல அவர் நாலாவது சீட், நான் எதிரே.

இதை வரைவதானால் எங்கள் இருவரையும் எவ்வளவு பக்கத்தில் நிறுத்துவீர்கள்? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அன்புடன்,
தானே ஸ்டேஷனில் உங்களை இடித்துக்கொண்டு போயிருக்கக்கூடிய ஒருவன்