இராவணா ஏவுகணையில் போகவில்லை: கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். பகலில் கணக்குப் பார்க்கும் வேலை; இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தமிழ் விக்கிப்பீடியாவில் சம்பளமில்லாத வேலை. விண்வெளிப் பயணம்தான் எனக்கு முதலில். அது சலிக்கும் நாட்களில் களனிவெளிப் புகையிரதப் பாதை, கொழும்பின் பழைய தெருப் பெயர்கள், வண்ணத்துப்பூச்சிகள். கூலி கிடைக்காத கங்காணி வேலை என்பாள் மனைவி.

கலைக்களஞ்சியத்தில் எனக்குத் தெரிந்ததை நானாக எழுதிவிட முடியாது. அச்சில் வந்ததைச் சான்று காட்ட வேண்டும். இலங்கைச் செய்திகளுக்குத் தமிழில் கிடைக்கும் சான்று பெரும்பாலும் நீங்கள்தான். நீங்கள் தவறினால், அந்தத் தவறுக்கு அடிக்குறிப்பு போட்டு நிலைநிறுத்துபவன் நான்.

நம் நாட்டின் இராவணா-1 செய்மதியையே பாருங்கள். ஒரு கிலோ சர்க்கரைப் பொதியின் எடைதான் இருக்கும். அது 'ஏவுகணை மூலம்' சென்றதாக ஒரு பத்திரிகையில் படித்தேன். ஏவுகணை போர்க்கருவி, இந்த நாட்டில் அந்தச் சொல்லை அலட்சியமாகக் கையாள முடியுமா? ரொக்கெட் என்றே எழுதுங்கள். ஏவூர்தி என்றால் இன்னும் மகிழ்ச்சி.

திகதியோ பெரும் குழப்பம். இராவணா-1ஐ ஏற்றிச்சென்ற அன்டாரெஸ் ரொக்கெட் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலிருந்து கிளம்பியபோது அங்கே 2019 ஏப்ரல் 17 மாலை 4.46. கொழும்பில் அப்போது 18ஆம் திகதி அதிகாலை 2.16. இரண்டு திகதிகளும் சரிதான். எந்த ஊர்க் கடிகாரம் என்று சொல்லாததுதான் பிழை. இதற்கு மேல் ஜூன் 17 வேறு இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து செய்மதியை வெளியே விட்ட நாள் அது. 'ஏவப்பட்டது' என்ற ஒரே சொல்லை இரண்டு நிகழ்வுகளுக்கும் போட்டால், வாசகர் அது இரண்டு முறை மேலே போனதாக நினைப்பார்.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பொரளை கனத்தை மயானத்தில் அடக்கமானவர், நமக்கு அவர்மேல் உரிமை உண்டு. அதற்காகச் செய்மதியைக் கண்டுபிடித்தவர் என்று எழுதலாமா? பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் சுற்றும் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகு முழுவதற்கும் தகவல் அனுப்பலாம் என்று 1945இல் எழுதினார். அந்தப் பெருமை போதாதா?

இடையில் ஒன்று. 'செயற்கைக்கோள்' வந்து நம் 'செய்மதி'யைத் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். செய்த மதி! இதைவிட அழகான சொல் எங்கே கிடைக்கும்?

நான் கேட்பது சிறிது. திருத்தம் வந்தால் அதை அச்சிடுங்கள். இணையப் பதிப்பில் ஓசையில்லாமல் மாற்றிவிடாமல், மாற்றியதாக ஒரு வரி சேருங்கள். விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின் 1961 டிசம்பரில் இலங்கைக்கு வந்ததை எழுத, பழைய பத்திரிகைகளைத்தான் தேடிப் போகிறேன். உங்களுடைய இன்றைய இதழையும் ஒருநாள் யாரோ அப்படித் தேடி வருவார்.

விண்வெளிச் செய்தி எதுவும் பக்கத்துக்குப் போகுமுன் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால், சொல்லியனுப்புங்கள். இரவு பதினொரு மணி வரை விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு விக்கிப்பீடியர், கொழும்பு 6